பாரோ தக்சாங் மடாலயத்துக்கு ஏறிப் போவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பூட்டானின் பாரோ பள்ளத்தாக்கில், தரையிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையை ஒட்டிக் கட்டப்பட்டிருக்கிறது தக்சாங் மடாலயம். நம்மில் பலருக்கு இதை டைகர்ஸ் நெஸ்ட் என்ற பெயரில்தான் தெரியும். மேலே போக சாலை கிடையாது, ரோப் கார் கிடையாது. சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து 3,120 மீட்டரில் இருக்கும் மடாலயத்துக்கு நடந்துதான் ஆக வேண்டும். போக வர ஆறேழு கிலோமீட்டர். உள்ளே சுற்றிப் பார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் ஐந்து முதல் ஏழு மணி நேரம் பிடிக்கும்.

மலையேறிப் பழக்கமில்லாத நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இதை நல்லபடியாக முடித்துத் திரும்புகிறார்கள். அவர்களைவிட உடம்பு வலுவுள்ள சிலர் பாதியில் திரும்புவதையும், மூச்சிரைக்க மேலே போய் மூடிய கதவின் முன்னால் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் பெரும்பாலும் எதை முன்னால் செய்தார்கள், எதைப் பின்னால் தள்ளினார்கள் என்பதில்தான். அதனால் இந்த வழிகாட்டியை அந்த வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். இந்தியக் குடிமக்களை மனதில் வைத்து எழுதியது இது.

1. பூட்டான் பயணத்தில் தக்சாங்கைக் கடைசியில் வையுங்கள்

விமானத்தில் வருபவர்கள் பாரோவில்தான் இறங்குவார்கள். விமான நிலையமும் தக்சாங்கும் ஒரே ஊரில் இருப்பதால் முதல் நாள் ஓய்வு, மறுநாளே மலை என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். வழி மிச்சம்தான், ஆனால் உடம்புக்கு இது ஆகாது. பாரோ ஊரே ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் வாழ்ந்தவருக்கு அங்கே படி ஏறினாலே முதல் நாள் மூச்சு வாங்கும். 3,100 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எழுபது சதவீதம்தான்.

நல்ல வரிசை இது: முதலில் திம்பு, அப்புறம் புனாகா, கடைசியில் பாரோ. தக்சாங் ஏறுவதற்கு முன்னால் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இரவுகள் பூட்டானில் தூங்கியிருக்க வேண்டும். அதற்குள் உடம்பு உயரத்துக்குப் பழகிவிடும். தூக்கமும் சீராகியிருக்கும்.

பாரோவுக்கு வந்தபின் முந்தின நாளில் செலே லா கணவாய்க்குப் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். அது 3,988 மீட்டர். வண்டியில் ஏறி, அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்கினால் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. தலைவலி வருகிற உடம்பு என்று தெரிந்தால் அதைத் தக்சாங்குக்கு அடுத்த நாளுக்குத் தள்ளிவிடுங்கள். முந்தின நாளுக்கு ஊருக்குள்ளேயே இருக்கும் கிச்சு லாக்காங் கோயில், ரின்புங் சோங் கோட்டை இவை போதும்.

இன்னொன்று: தக்சாங்குக்குப் பின்னால் ஒரு நாளாவது கையில் இருக்கட்டும். மழை பெய்தாலோ, யாருக்காவது வயிறு சரியில்லாமல் போனாலோ மாற்றிக்கொள்ள இடம் இருக்கும். மறுநாள் அதிகாலை விமானம் என்று வைத்துக்கொண்டவர்கள் மழையிலும் ஏறித்தான் தீர வேண்டியிருக்கிறது.

2. மாதம்

மார்ச் முதல் மே வரை, அப்புறம் அக்டோபர், நவம்பர். இவைதான் நல்ல மாதங்கள். வசந்தத்தில் வழியெல்லாம் ரோடோடென்ட்ரான் பூத்திருக்கும். அக்டோபருக்கு மேல் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். மடாலயமே மேகத்துக்குள் மறைந்துபோகும், மண் பாதை வழுக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வானம் தெளிவு, கூட்டம் குறைவு. ஆனால் வெயில் படாத படிகளில் காலையில் பனி உறைந்து கிடக்கும், கவனமாகக் கால் வைக்க வேண்டும்.

3. ஆவணமும் கட்டணமும்

இந்தியர்களுக்கு விசா வேண்டாம், நுழைவு அனுமதி வேண்டும். அதற்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் அட்டை இங்கே செல்லாது. சாலை வழியாக ஜெய்கான் வரை வந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் புன்ட்சோலிங் அலுவலகத்தில் ஆதாரை நீட்டிவிட்டு முழிப்பவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். குழந்தைகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ் எடுத்துக்கொள்ளுங்கள். அது தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கிலப் பிரதியை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

அனுமதிக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். எல்லையில் நேரில் வாங்கலாம் என்று விட்டுவிட்டால் வரிசையில் அரை நாள் போய்விடலாம், அந்த அரை நாள் உங்கள் ஓய்வு நாளிலிருந்துதான் கழியும். அனுமதித் தாளின் நகல் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள்.

எஸ்டிஎஃப் என்று சொல்லப்படும் நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் இந்தியர்களுக்கு ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரை பாதி, ஆறு வயதுக்குள் இலவசம். நான்கு இரவு தங்கும் கணவன் மனைவிக்கு இதுவே 9,600 ரூபாய் ஆகும். இந்தப் பணத்தில் தக்சாங் நுழைவுச் சீட்டு சேராது. அது தனி. கணக்குப் போடும்போது இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பூட்டான் பணமான நுல்ட்ரம், இந்திய ரூபாய்க்குச் சரிக்குச் சரி. நம் ரூபாயைக் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள். ஆனாலும் நூறு ரூபாய், ஐம்பது ரூபாய்த் தாள்களாக நிறையக் கொண்டுபோங்கள். மலையில் குதிரைக்காரரிடமும் கம்பு வாடகைக்கு விடுபவரிடமும் பெரிய தாளுக்குச் சில்லறை இருக்காது. மீதியாகக் கிடைக்கும் நுல்ட்ரத்தை அங்கேயே செலவழித்துவிடுங்கள். இந்தியாவுக்குள் எல்லை ஊர்களைத் தாண்டினால் யாரும் வாங்க மாட்டார்கள்.

உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். மலைப் பாதை தெளிவாகத்தான் இருக்கிறது, வழி தவறாது. அவர் தேவைப்படுவது மடாலயத்துக்குள். எந்தச் சன்னதிக்கு முதலில் போவது, எங்கே நிற்பது, எங்கே நிற்கக் கூடாது என்று சொல்ல உள்ளே பலகை எதுவும் கிடையாது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் குழு இரண்டாகப் பிரியும்போதும் அவர் உதவுவார்.

4. புறப்படும் முன் உடம்புக்குப் பயிற்சி

ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். தினம் ஒரு மணி நேரம் சமதரையில் நடப்பது நல்லதுதான், ஆனால் போதாது. சமதரையில் நடந்து பழகிய கால் ஏற்றத்தில் சீக்கிரம் சோர்ந்துவிடும். படி ஏறுங்கள். அடுக்குமாடிப் படிக்கட்டோ, பக்கத்து மலைக்கோயிலோ, எதுவானாலும் சரி. ஏறுவது போலவே இறங்கவும் வேண்டும். தக்சாங்கில் அதிகம் பேருக்கு முட்டி வலிப்பது இறங்கும்போதுதான். இறங்கும் தசைகளுக்கு யாரும் பயிற்சி கொடுப்பதில்லை என்பதே அதற்குக் காரணம்.

இதய நோய், ஆஸ்துமா, கட்டுக்குள் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே முடிவு செய்யுங்கள். உயரத்துக்கான மாத்திரை வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும். பக்கத்து வீட்டுக்காரர் போட்டார் என்பதற்காகப் போட வேண்டாம்.

5. உடையும் பையும்

இங்கே இரண்டு தேவைகளை ஒரே உடையில் நிறைவேற்ற வேண்டும். மலை ஏற வசதியாக இருக்க வேண்டும். மடாலயத்துக்குள் போகத் தகுந்ததாகவும் இருக்க வேண்டும். கால் முழுக்க மூடும் பேன்ட் அல்லது சுடிதார், முழுக்கைச் சட்டை. அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை இரண்டும் உள்ளே போகாது. மேலே போய் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், மாற்ற இடமில்லை. புடவையில் ஏறும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்றத்தில் சமாளித்துவிடுகிறார்கள், மடாலயத்துக்கு முன்னால் வரும் கடைசிப் படிகளில் இறங்கும்போது கொசுவம் காலில் சிக்குகிறது. சுடிதாரே பாதுகாப்பு.

மூன்று அடுக்காக உடுத்துங்கள்: வியர்வை உறிஞ்சும் உள்சட்டை, மெல்லிய ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் ஜாக்கெட். ஏறத் தொடங்கிய கால் மணி நேரத்தில் வியர்க்கும், ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டியிருக்கும். மேலே காற்றில் நின்றதும் அந்த ஈரமே குளிரும். ஒரே தடிமனான ஜெர்கின் போட்டு வருபவர்களுக்கு இரண்டு நிலைதான்: வேகுவது அல்லது நடுங்குவது.

ஷூவின் அடிப்பகுதியில் பிடிப்பு இருக்க வேண்டும். புது ஷூ வேண்டவே வேண்டாம். ஒரு மாதமாவது போட்டு நடந்த ஷூவாக இருக்கட்டும். நகத்தை வெட்டிவிட்டு வாருங்கள், இறங்கும்போது கட்டைவிரல் ஷூவின் முனையில் இடித்துக்கொண்டே வரும்.

பையில் ஒரு லிட்டர் தண்ணீர், கடலை மிட்டாய் அல்லது பேரீச்சை, ஓஆர்எஸ் பொட்டலம், மழைக்கோட்டு, தடிமனான ஒரு ஜோடி சாக்ஸ், சில்லறைப் பணம், அனுமதி நகல். முட்டிக்கு உறை போடுபவர்கள் அதையும். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். கேமராவுக்குப் பெரிய லென்ஸ்கள் கொண்டுவருபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: மடாலயம் நேர் எதிரே தெரியும் காட்சிமுனை வரைதான் அதற்கு வேலை. மடாலயத்துக்குள் படம் எடுக்க முடியாது.

சாக்ஸை ஏன் தனியாகச் சொன்னேன் என்றால், உள்ளே ஒவ்வொரு சன்னதிக்கும் ஷூவைக் கழற்ற வேண்டும். தரை ஐஸ்போல் குளிரும். வியர்வையில் நனைந்த சாக்ஸோடு அந்தத் தரையில் நின்றால் கால் விறைத்துப்போய், எப்போது வெளியே போவோம் என்றுதான் தோன்றும். மேலே போனதும் காய்ந்த சாக்ஸ் மாற்றிக்கொள்ளுங்கள்.

6. முந்தின நாள் மாலை

பூட்டான் நேரம் நம் நேரத்துக்கு அரை மணி முன்னால் ஓடுகிறது. நமக்கு காலை 7 மணி என்றால் அங்கே 7.30. உள்ளூர் சிம் போடாத போன் சிலசமயம் இந்திய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுநர் ஆறரைக்கு வந்து நிற்பார், நீங்கள் ஆறு மணிதானே என்று குளித்துக்கொண்டிருப்பீர்கள். அந்த அரை மணி மலையில் பெரிய விஷயம், ஏன் என்று கீழே சொல்கிறேன். போன், கைக்கடிகாரம் இரண்டிலும் நேரத்தைச் சரிபாருங்கள்.

விடுதியில் சீக்கிரமே காலை உணவு தரச் சொல்லி வையுங்கள். கேட்காவிட்டால் எட்டு மணிக்குத்தான் கிடைக்கும். மறுநாள் மாலைக்கு வெந்நீர்க் கல் குளியல் வேண்டுமென்றால் அதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். இரவு மது வேண்டாம். உயரத்தில் அது தூக்கத்தைக் கெடுக்கும், தண்ணீர்ச் சத்தையும் குறைக்கும்.

7. வண்டி நிற்கும் இடம்: மூன்று வேலைகள்

பாரோ ஊரிலிருந்து இங்கே வர அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். ஏழரைக்கு வந்துவிடப் பாருங்கள். அதற்குக் காரணம் மடாலயத்தின் மதிய இடைவேளை. பகல் 1 மணி முதல் 2 மணி வரை உள்ளே விட மாட்டார்கள். எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினால் சாதாரண வேகத்தில் பதினொன்றுக்கு வாசலில் இருப்பீர்கள், நிதானமாகப் பார்த்துவிட்டு இடைவேளைக்கு முன் வெளியே வரலாம். பத்து மணிக்குத் தொடங்குபவர் ஒரு மணிக்கு வாசலில் நிற்பார். வியர்த்த உடம்போடு, குளிர்காற்றில், ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு உள்ளே போய், இறங்கி வரும்போது மாலை இருட்டிவிடும்.

முதல் வேலை, நுழைவுச் சீட்டு. கீழேதான் வாங்க வேண்டும். மேலே வாசலில் விற்பதில்லை. "எல்லாம் மேலே பார்த்துக்கலாம்" என்று நடக்கத் தொடங்கியவர்களுக்கு இதைவிடப் பெரிய ஏமாற்றம் இல்லை. வாங்கிய சீட்டை உள்பாக்கெட்டில் வையுங்கள்.

இரண்டாவது, கம்பு. அங்கேயே வாடகைக்கு மரக்கம்பு கிடைக்கும். எனக்கெதற்குக் கம்பு என்று இளைஞர்கள் விட்டுவிடுகிறார்கள். ஏறும்போது பாரமாகத்தான் தெரியும். இறங்கும்போது அதுதான் முட்டியைக் காப்பாற்றும். நிமிர்ந்து நின்று கம்பை ஊன்றினால் முழங்கை செங்கோணத்தில் மடங்க வேண்டும். அந்த உயரம் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது, குதிரை வேண்டுமா என்ற முடிவு. குதிரை ஏற்றத்தில் மட்டும்தான் ஆளைச் சுமக்கும், அதுவும் பாதி வழியில் இருக்கும் கஃபெட்டேரியாவை ஒட்டிய பகுதி வரைதான். இறக்கத்தில் யாரையும் ஏற்றாது. குதிரை இருக்கிறதே என்று முட்டி தேய்ந்த பெரியவர்களைக் கூட்டிவரும் குடும்பங்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. மேலே போனவர் தன் காலால்தான் இறங்க வேண்டும். அந்த இறக்கம் தன்னால் முடியும் என்பவர் மட்டுமே குதிரையில் ஏறட்டும். ஏறினால் உடம்பை முன்னால் சாய்த்து, சேணத்தின் பிடியை இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். குதிரை பள்ளத்தின் விளிம்பை ஒட்டியே நடக்கும். அதன் பழக்கம் அது, கடிவாளத்தை இழுத்துத் திருப்பப் பார்க்காதீர்கள்.

கழிப்பறைக்கு இங்கேயே போய்விடுங்கள். அடுத்தது கஃபெட்டேரியாவில்தான்.

8. முதல் ஏற்றம்: கஃபெட்டேரியா வரை

ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். ஆரம்பத்தில் பைன் மரங்களுக்கு நடுவே சாதுவான பாதை. நீரோட்டத்தால் தானாகச் சுழலும் பிரார்த்தனைச் சக்கரங்களைத் தாண்டியதும் மண் பாதை செங்குத்தாகும். புதிதாக வருபவர்கள் தங்கள் சக்தியைக் கொட்டித் தீர்ப்பது இங்கேதான். காலைக் குளிர், உற்சாகம், முன்னால் போகிறவரை முந்தும் ஆசை எல்லாம் சேர்ந்து வேகமாக ஏற வைத்துவிடும்.

வேகத்துக்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? முடிந்தால் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறையுங்கள். அடியைச் சிறிதாக வையுங்கள். அடிக்கடி, நின்றபடியே, அரை நிமிடம் ஓய்வெடுங்கள். பாறையில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஓய்வெடுத்தால் தசை குளிர்ந்து, எழும்போது கால் கனக்கும். தண்ணீரைத் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் இரண்டு இரண்டு மிடறாகக் குடித்துக்கொண்டே போங்கள்.

வளைவுகளில் நேராக ஏறும் குறுக்குப் பாதைகள் தெரியும். வேண்டாம். மண் சரியும், தூரத்தில் மிச்சமாவதைவிட மூச்சில் அதிகம் போகும்.

குதிரை வரும் சத்தம் கேட்டால் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நிற்கக் கூடாது, குதிரை உரசிக்கொண்டு போனால் பிடிக்க ஒன்றும் இருக்காது. ஆளில்லாமல் கீழே ஓடிவரும் குதிரைகள் வேகமாகவே வரும்.

9. கஃபெட்டேரியா: முடிவெடுக்கும் இடம்

ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரம். தேநீர், பிஸ்கட், கழிப்பறை எல்லாம் உண்டு. இங்கிருந்தே எதிரே பாறையில் மடாலயம் பளிச்சென்று தெரியும். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். சாப்பாட்டை இறங்கி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஏற்றத்தைத் தொடங்குபவர்களுக்குக் குமட்டல் வருகிறது.

தொடர்வதா இல்லையா என்பதை ஒவ்வொருவரும் முடிவு செய்ய வேண்டிய இடம் இதுதான். லேசான தலைவலி மட்டும் இருந்தால் தண்ணீர் குடித்து, ஓய்வெடுத்துப் பாருங்கள். தலைவலியோடு வாந்தி, தள்ளாட்டம், ஓய்வெடுத்தும் அடங்காத மூச்சிரைப்பு இருந்தால் மேலே போகக் கூடாது, இறங்க வேண்டும். இறங்குவதுதான் இதற்கு முதல் மருந்து. இதில் யாரும் யாரையும் வற்புறுத்த வேண்டாம். "இவ்வளவு தூரம் வந்துட்டு" என்று அம்மாவையோ மாமனாரையோ இழுத்துக்கொண்டு போனால், அப்புறம் படிக்கட்டில் திரும்பவும் முடியாது, ஏறவும் முடியாது. இங்கேயே தங்குபவருக்கு ஒரு ஜாக்கெட், தேநீருக்குப் பணம், திரும்பும் நேரம் மூன்றையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

10. இரண்டாம் ஏற்றம்: காட்சிமுனை வரை

இன்னும் ஒரு மணி நேரம். கூட்டம் குறையும், மரங்களில் பாசி தாடிபோல் தொங்கும். பாதை நன்றாகவே இருக்கும். ஒரு திருப்பத்தில், காற்றில் படபடக்கும் பிரார்த்தனைக் கொடிகளுக்கு நடுவே, மடாலயம் திடீரென நேர் எதிரே வந்து நிற்கும். எல்லோரும் அஞ்சலட்டையில் பார்த்த காட்சி இதுதான். வெள்ளைச் சுவர், செந்நிறப் பட்டை, பொன்னிறக் கூரை, கீழே ஒன்றுமே இல்லாத பாறை. எத்தனை படம் பார்த்துவிட்டுப் போனாலும் அங்கே நின்றால் பேச்சு வராது.

படம் எடுக்க வேண்டியதெல்லாம் இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். விளிம்பில் கைப்பிடி இல்லாத இடங்களில் செல்ஃபிக்காகப் பின்னால் நகர வேண்டாம். கொடிக் கயிறுகளைத் தாண்டிக் காலை வைக்காதீர்கள், மந்திரம் அச்சிட்ட துணிகள் அவை. காற்று பலமாக இருக்கும், ஜாக்கெட்டை இங்கேயே போட்டுவிடுங்கள்.

வந்துவிட்டோம் என்று நினைத்து உட்கார்ந்துவிடுபவர்களும் இங்கே உண்டு. கண்ணுக்கு மடாலயம் கையெட்டும் தூரம்தான். நடுவில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது.

11. படிகள்: இறங்கி ஏறுவது

காட்சிமுனையிலிருந்து படிகள் கீழே இறங்கி அருவியடிக்குப் போகின்றன, பாலத்தைக் கடந்ததும் மறுபக்கம் மேலே ஏறுகின்றன. மொத்தம் எழுநூறுக்கு மேல். இங்கே நாள் முழுக்கத் திட்டமிட்ட கணக்கு தேவைப்படும்: இப்போது இறங்கும் ஒவ்வொரு படியையும் திரும்பும்போது ஏறியாக வேண்டும். அதாவது மடாலயத்தைப் பார்த்து முடித்தபின், களைத்த காலோடு ஓர் ஏற்றம் பாக்கி இருக்கிறது. கஃபெட்டேரியாவுக்கு வரும்போதே பலம் முழுவதையும் செலவழித்தவர்கள் தவிப்பது இந்தத் திரும்பு வழியில்தான். பலத்தில் மூன்றில் ஒரு பங்காவது இதற்கு மிச்சம் வைத்திருங்கள்.

பாறைப் பக்கமாக நடங்கள். படிகளின் உயரம் ஒரே சீராக இல்லை, போனைப் பார்த்துக்கொண்டு இறங்கினால் தடுக்கும். சிறு குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டாம், பார்வை மறைந்து சமநிலை போய்விடும். முதுகில் கட்டும் பை இருந்தால் சரி. அருவிப் பக்கம் சாரலில் படி ஈரமாகவே இருக்கும். பாலத்தில் கொஞ்சம் நின்று மேலே பாருங்கள், மூச்சும் சமனாகும்.

12. வாசல்: லாக்கரில் வைக்கும் முன்

வாசலில் பை, போன், கேமரா எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு குடும்பம் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சோதனை முடித்து, முதல் சன்னதியில் விளக்கைப் பார்த்ததும் காணிக்கைக்குக் காசில்லை என்று திகைத்து நின்றது. அப்பா திரும்பவும் கீழே போய் லாக்கரைத் திறந்து வந்தார். அதனால் பூட்டும் முன் வரிசையாகச் செய்யுங்கள்: சில்லறைத் தாள்களைச் சட்டைப் பைக்கு மாற்றுங்கள், நுழைவுச் சீட்டைக் கையில் எடுங்கள், சாக்ஸை மாற்றுங்கள், இரண்டு மிடறு தண்ணீர் குடியுங்கள். தொப்பியைக் கழற்றுங்கள், கழுத்தைச் சுற்றிய மஃப்ளரையும்தான். போனை அணைத்துவிட்டுப் பூட்டுங்கள்.

தீப்பெட்டி, லைட்டர் இவற்றை மலைக்கே எடுத்துவர வேண்டாம். 1692-இல் கட்டப்பட்ட இந்தக் கோயிலின் பிரதானக் கட்டடங்கள் 1998 ஏப்ரல் 19-ஆம் தேதி தீயில் எரிந்து, பிறகு திரும்பக் கட்டப்பட்டவை. கட்டடத்தில் மரம் நிறைய இருக்கிறது, தண்ணீர் வண்டி வர வழியும் இல்லை.

13. உள்ளே

அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குகைகளை ஒட்டிப் பல சன்னதிகள், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குறுகலான படிகள். எங்கும் வலம் வருவதுபோல் இடமிருந்து வலமாகவே செல்லுங்கள். பூட்டானியர்கள் குரு ரின்போச்சே என்று வணங்கும் பத்மசம்பவர் எட்டாம் நூற்றாண்டில் தவம் இருந்த குகையைச் சுற்றித்தான் இந்த இடமே எழும்பியிருக்கிறது. வருபவர்களில் பலர் தொலைதூரக் கிராமங்களிலிருந்து நேர்ந்துகொண்டு வருபவர்கள். அவர்கள் விழுந்து கும்பிடும்போது குறுக்கே நடக்காதீர்கள், முடியும்வரை காத்திருங்கள்.

லாமா குடத்திலிருந்து தீர்த்தம் தருவார். நம் பெருமாள் கோயிலில் வாங்குவது போலத்தான்: வலது கையைக் குவித்து, இடது கையை அடியில் வைத்து வாங்கி, சிறிது பருகிவிட்டு மீதியைத் தலையில் தடவிக்கொள்ளுங்கள். தெரியாமல் கையை உதறிவிடுபவர்களைப் பார்த்தால் அங்கிருப்பவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் முகம் வாடும்.

சிலையையோ ஓவியத்தையோ விரலால் சுட்டிக்காட்ட வேண்டாம், உள்ளங்கையை விரித்துக் காட்டுங்கள். எதையும் தொடாதீர்கள். காணிக்கையைப் பலிபீடத்தில் மெதுவாக வையுங்கள். பத்து ரூபாயும் போதும். வெண்ணெய் விளக்கு ஏற்ற ஆசைப்பட்டால் அதற்கென்று இருக்கும் தனி அறையில், வழிகாட்டி மூலம் கேட்டு ஏற்றலாம். தியானம் செய்ய நினைப்பவர்கள் ஓரமாக, வழியை மறிக்காமல் உட்காருங்கள், யாரும் எழுப்ப மாட்டார்கள். கால் பாதத்தைச் சன்னதியை நோக்கி நீட்டாமல் மடக்கி உட்கார வேண்டும்.

14. திரும்பும் வழி

வெளியே வந்ததும் ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டு, ஓஆர்எஸ் குடித்துவிட்டுப் படிகளைத் தொடங்குங்கள். காட்சிமுனை வரை ஏறிவிட்டால் மீதியெல்லாம் இறக்கம்தான். மதிய உணவைக் கஃபெட்டேரியாவில் முடித்துக்கொள்ளலாம், சைவமும் கிடைக்கும். மிளகாயையே காய்கறியாகப் போட்டுச் செய்யும் எமா தட்சியைக் கொஞ்சமாகப் பரிமாறிக்கொள்ளுங்கள், காரத்துக்குப் பழகிய நமக்கே உறைக்கும்.

இறங்கும்போது ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். அடியைச் சிறிதாக, முட்டியை லேசாக மடக்கியபடி வையுங்கள். கம்பை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, அப்புறம் காலை இறக்குங்கள். செங்குத்தான மண் பாதையில் நேராக இறங்காமல் இடமும் வலமுமாகச் சாய்ந்து இறங்கினால் வழுக்காது. ஓட வேண்டாம். காய்ந்த மாதங்களில் மேல்மண் பொடியாக இருக்கும், சறுக்கி விழுபவர்களில் பாதிப்பேர் கடைசி அரை மணி நேரத்தில், வண்டி கண்ணில் பட்டபிறகு விழுபவர்கள்.

கம்பைத் திருப்பிக் கொடுக்க மறக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டில், மிட்டாய்க் காகிதம் எல்லாம் உங்கள் பையோடு கீழே வரட்டும்.

15. அன்று மாலை

வேறு எந்த இடத்தையும் அன்று வைத்துக்கொள்ள வேண்டாம். நான்கு மணிக்கு அறைக்கு வந்துவிட்டால் கடைத்தெருவைப் பார்க்கலாம் என்று தோன்றும், ஆறு மணிக்குக் கால் பிடித்துக்கொள்ளும்.

நேற்றே சொல்லி வைத்த கல் குளியலுக்கு இப்போது போகலாம். ஆற்றுக் கற்களை நெருப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, மரத்தொட்டித் தண்ணீரில் போடுவார்கள். கல் காய மணிக்கணக்கில் ஆகும் என்பதால்தான் முன்கூட்டிச் சொல்லச் சொன்னேன். போகும் முன் அரை லிட்டர் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும். வியர்த்து வற்றிய உடம்போடு கொதிக்கும் தொட்டியில் உட்கார்ந்தால் எழும்போது தலை சுற்றும். பதினைந்து இருபது நிமிடம் போதும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கால்களை மட்டும் நனைத்துக்கொள்ளட்டும்.

படுக்கும் முன் தொடை, கெண்டைக்கால் தசைகளை மெதுவாக நீட்டி மடக்குங்கள். மறுநாள் புன்ட்சோலிங் இறங்குபவர்கள் காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும் என்று ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். நான்கைந்து மணி நேர வளைவுப் பாதை அது, வழியில் மணிக்கு ஒருமுறை நிறுத்தி இறங்கி நடந்தால்தான் கால் விறைக்காமல் ஊர் போய்ச் சேரலாம்.